வாள்–மந்திர சாகசக் கதைகளின் உயிர்ப்பு எந்தப் படங்களில் இருக்கிறது?

கதைப்பிரியை:
எங்கள் வாசகர் வட்டம் இந்த ஆண்டு பழைய பல்ப் இதழ்களின் (மலிவுத் தாளில் அச்சான கதை இதழ்கள்) வாள்–மந்திரக் கதைகளைப் படித்து வருகிறது. ராபர்ட் இ. ஹோவர்டின் கோனன், சி. எல். மூரின் ஜிரெல், ஃபிரிட்ஸ் லைபரின் ஃபாஃபர்டும் கிரே மவுசரும் என்று வரிசையாகப் போகிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான்கு சனிக்கிழமைகள் படம் பார்த்துப் பேசலாம் என்று திட்டம். சமூக மன்றத்தில் ஓர் அறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம். வருவது 12 பேர். நால்வருக்கு 14, 15 வயதுதான்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் உதவவில்லை. உலகைக் காக்கப் பிறந்த சிறுவன், தீர்க்கதரிசனம், பெரும்போர் என்றே போகின்றன. அது வேறு வகை. அந்த இதழ்க் கதைகளின் வேகமும் இருட்டும் உள்ள படங்கள் எவை? எந்த வரிசையில் காட்டலாம்? தமிழ்ப் படம் ஒன்றாவது தேறுமா? வட்டு, திரை, அனுமதி பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

கோட்டைக்காவலன்:
முதலில் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அக்கா. படத்தைத் தேர்ந்தெடுப்பது அப்புறம் எளிது.

இந்த வகைக்கு முதல் கதை என்று பலரும் சொல்வது வியர்ட் டேல்ஸ் இதழில் 1929 ஆகஸ்டில் வந்த ஹோவர்டின் ‘தி ஷேடோ கிங்டம்’. கோனன் 1932 டிசம்பரில் வந்தான். ‘வாளும் மந்திரமும்’ என்ற பெயரை லைபர் வைத்தது 1961இல்தான். அதாவது பெயர் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கதைகள் வந்துவிட்டன. அதனால் பெயரை நம்பாமல் கதைக்குள் பாருங்கள். நாயகனுக்கு வேண்டியது கூலி, நகை, பழி, அல்லது உயிரோடு தப்புவது. உலகத்தின் தலைவிதி அவன் கவலை அல்ல. மந்திரம் அவனுடைய கருவியும் அல்ல. அது எதிரியின் கையில் இருக்கும், அருவருப்பாக இருக்கும், அதைத் தொட்டவன் விலை கொடுப்பான். சம்பவம் நடக்கும் இடம், இன்னொரு பழைய நாகரிகம் செத்துக் கிடக்கும் இடமாக இருக்கும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு அம்சங்கள் உள்ள படமே எடுங்கள்.

1982இல் ஜான் மிலியஸ் இயக்கிய ‘கோனன் தி பார்பேரியன்’ படத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது ஹோவர்டின் கோனன் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கதைகளில் கோனன் பல மொழி பேசுவான், சிரிப்பான், அரசியல் பேசுவான். சக்கரம் தள்ளும் அடிமையாக வளர்ந்த கதை அவனுக்குக் கிடையாது. தாய் தந்தையைக் கொன்றவனைத் தேடும் பழிக்கதையும் இல்லை. வில்லன் துல்சா டூம்கூட ஹோவர்டின் வேறொரு நாயகனான கல் (Kull) என்பவனின் உலகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவன். மரத்தில் அறையப்பட்டுக் கழுகின் கழுத்தைக் கடிக்கும் காட்சி ‘எ விட்ச் ஷால் பி பார்ன்’ கதையிலிருந்து எடுத்தது. இறந்த காதலி போர்க்களத்தில் திரும்பி வருவது ‘குவீன் ஆஃப் தி பிளாக் கோஸ்ட்’ கதை. உடலெங்கும் எழுத்துகள் எழுதி ஆவிகளிடமிருந்து காக்கும் காட்சியில் ஜப்பானின் காது இழந்த ஹோய்ச்சியின் கதையைப் பார்க்கலாம்.

இத்தனை ஒட்டுக்குப் பிறகும் படம் நிற்பதற்குக் காரணம் எடை. ஜோடி சாம்சன் அடித்துக் கொடுத்த வாள்கள், கியோஷி யமசாக்கியிடம் பெற்ற வாள் பயிற்சி, ஸ்பெயினின் வறண்ட நிலம், ரான் காப் வடிவமைத்த கோட்டைகள். வாளைத் தூக்கும்போது தோள் சாய்கிறது; ஓங்கிய வாளை நிறுத்தச் சிரமப்படுகிறார்கள். முதல் இருபது நிமிடங்களில் வசனம் மிகக் குறைவு, பேசசில் பொலிடூரிஸின் இசைதான் கதை சொல்கிறது. பின்னால் வந்த போலிகள் பலவும் சறுக்கியது இங்கேதான். உடையையும் தசையையும் நகல் எடுத்தார்கள். வாள் அட்டை போலச் சுழன்றது, கோட்டை நேற்று கட்டியதுபோல நின்றது.

ஒரு யோசனை: அந்த வாரத்துக்கு ‘தி டவர் ஆஃப் தி எலிஃபன்ட்’ (1933 மார்ச்) கதையைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். படத்தில் பாம்புக் கோபுரத்தில் ஏறி நகையைத் திருடும் பகுதி அதன் நிழல். கதையில் கோபுர உச்சியில் இருப்பது யானைத் தலையோடு, விண்மீன்களிடையே இருந்து வந்து, கண் குருடாக்கப்பட்டு, மந்திரவாதியிடம் அடிமையாய்ச் சித்திரவதைப்படும் ஓர் உயிர். நம் வாசகருக்கு அந்த உருவம் எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த உயிருக்காகக் கோனன் இரங்கும் இடம்தான் கதையின் உச்சம். படம் அதை விட்டுவிட்டு ஒரு பெரிய பாம்பை மட்டும் வைத்துக்கொண்டது. திரை எதை இழக்கிறது என்று பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

14 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். ரத்தமும் பாலுறவுக் காட்சிகளும் உண்டு.

கதைப்பிரியை:
அப்படியானால் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க எதில் தொடங்கலாம்?

கோட்டைக்காவலன்:
‘தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சின்பாத்’, 1973. பெயரைப் பார்த்துச் சிறுவர் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதில் கூரா என்ற மந்திரவாதி ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் கிழவனாகிக்கொண்டே போகிறான். சிறகு முளைத்த ஒரு குட்டி உருவத்துக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்து உயிரூட்டுகிறான். மந்திரத்துக்கு விலை உண்டு என்பதை வசனத்தோடு நிறுத்தாமல் முகத்திலேயே காட்டிய படம் இது. டாம் பேக்கர் அந்த வேடத்தை அத்தனை ஈடுபாட்டோடு செய்திருக்கிறார்.

ரே ஹாரிஹவுசனின் பொம்மை அசைவுக்கலை (ஸ்டாப் மோஷன்) அதில் இருக்கிறது. ஆறு கைகளோடு காளி சிலை இறங்கி வந்து ஆறு வாள்களோடு சண்டை போடும். நடிகர்கள் ஒத்திகை பார்க்க மூன்று சண்டைக்கலைஞர்களை ஒன்றாகக் கட்டி ஆறு கைகள் ஆக்கினார்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் அதே அசைவுகளை நடிகர்கள் எண்ணி எண்ணிச் செய்ய, பொம்மையைப் பின்னால் சேர்த்தார். அவருடைய 1963 படமான ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று பேரோடு மோதும் சண்டைக்கு நாலரை மாதம் ஆனது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகம் என்றால் ஒரு நாள் முழு உழைப்பும் திரையில் அரை நொடிதான்.

காளியை அந்நியக் கண்ணோடு ஒரு பூதமாக ஆக்கியது பற்றி உங்கள் வட்டத்தில் கேள்வி எழும், எழத்தான் வேண்டும். அந்தப் பல்ப் இதழ்களிலும் கிழக்கு நாடு என்றாலே மர்மமும் கொடூரமும்தான். அதை மறைக்காமல் பேசுங்கள்.

பாதாளக்குகை:
தமிழில் தேறுமா என்று கேட்டீர்கள். தேறுவது என்ன, முன் வரிசையிலேயே நிற்கும். ‘பாதாள பைரவி’, 1951. கே. வி. ரெட்டி இயக்கம், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு, தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தது. கோட்டைக்காவலன் சொன்ன அளவுகோலை வைத்தே பார்ப்போம்.

நாயகன் தோட்டக்காரியின் மகன். இளவரசனும் இல்லை, தொலைந்துபோன வாரிசும் இல்லை. அவனுக்கு வேண்டியது இளவரசி. அதற்கு ராஜா கேட்பது செல்வம். அந்தச் செல்வத்துக்காகத்தான் மந்திரவாதியோடு குகைக்குப் போகிறான். மந்திரவாதிக்கு வேண்டியது துணிச்சலும் புத்தியும் உள்ள ஓர் இளைஞனின் தலை, பாதாள பைரவிக்குப் பலி கொடுக்க. இருவரும் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்ளவே கூட்டுச் சேர்கிறார்கள். குகையில் சோதனைகள், குளத்தில் முதலை, அந்த முதலை சாபம் நீங்கி உண்மையைச் சொல்வது, கடைசியில் பலிபீடத்தில் நாயகன் ஆளை மாற்றிவிடுவது. தன் வாளாலும் தன் மூளையாலும் தப்புகிறான். எஸ். வி. ரங்காராவின் அந்தத் தாடியும் உருட்டும் கண்ணும், ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்பும் குரலும் வியர்ட் டேல்ஸ் அட்டையில் இருக்க வேண்டியவை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல் பாதிதான் வாள்–மந்திரம். பைரவி தந்த பிரதிமை கைக்கு வந்ததும் நாயகன் நினைத்ததெல்லாம் நடக்கிறது, மாளிகையே எழும்புகிறது. அங்கிருந்து படம் அலாவுதீன் கதைக்குத் தாவிவிடுகிறது. மந்திரம் நாயகன் பக்கம் வந்த கணத்தில் பயம் போய்விடும். இதை உங்கள் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள், சொல்லிக்கொடுக்க வேண்டாம். படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம், உங்கள் அறை நேரம் முழுவதும் போய்விடும். பலிபீடக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். மிச்சத்தை வீட்டில் பார்க்கட்டும்.

நடுநிசி:
பாதாள பைரவி சரி. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால ராஜா ராணிப் படங்களை எல்லாம் இந்தக் கூடையில் போட்டுவிடக் கூடாது. ‘மர்மயோகி’ (1951) பேய்க் காட்சிகளுக்காக ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய முதல் தமிழ்ப் படம். அருமையான வாள்சண்டை. ஆனால் கதை முடியும்போது நியாயமான அரசன் அரியணைக்குத் திரும்புகிறான், மர்மத்துக்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது. ‘சந்திரலேகா’ (1948) படத்தில் முரசு நடனமும் கடைசி வாள்சண்டையும் இன்றும் மூச்சை நிறுத்தும். மந்திரம் ஒரு துளியும் இல்லை. இவை சாகசப் படங்கள். கெட்டவன் பறித்த முடி நல்லவனிடம் திரும்புவது இவற்றின் இலக்கணம். ஹோவர்டின் கோனனோ அரசனைத் தன் கையாலேயே கொன்று முடியைப் பறித்தவன்.

இன்னொன்று: செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010). காலம் இன்றையதுதான், ஆனாலும் அதைச் சேருங்கள். கூலிக்கு வந்த சுமைதூக்கி, பொய் சொல்லி அழைத்து வந்த பெண், ஒவ்வொன்றாக வரும் பொறிகள், தீவுக்குள் பசியில் வாடும் சோழர் கூட்டம், பாதி பித்துப் பிடித்த அரசன். வெளியுலகம் மறந்த நகருக்குள் ஓர் இனம் அழிந்துகொண்டிருப்பது ஹோவர்டின் ‘ரெட் நெயில்ஸ்’ (1936) கதையின் உலகமும்தான். எதிரியின் சூனியத்துக்கு இங்கே ரத்தமும் பசியும் விலை. படம் நீளம், வன்முறை கடுமை, பெரியவர்களுக்கு மட்டும்.

பாதாளக்குகை:
@நடுநிசி ஒப்புக்கொள்கிறேன். ராஜா ராணிப் படத்துக்கும் மந்திரவாதிப் படத்துக்கும் கோடு போட வேண்டும்தான். விட்டலாச்சார்யா படங்கள் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம். ‘ஜகன்மோகினி’ (1978) படத்தில் அடுப்புக்கு விறகு இல்லையென்று பேய் தன் காலையே உள்ளே நீட்டி எரிக்கும். தந்திரக் காட்சி எளிமையானது, கற்பனை முழுக்க முழுக்க நம் பாட்டிமார் சொன்ன கதையின் கற்பனை. முழுப் படமும் வேண்டாம், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் ஒரு மாலையின் தொடக்கத்தில் காட்டலாம்.

வெண்கூந்தல்:
ஆங்கிலமும் தமிழும் போதும் என்று நிறுத்திவிட்டால் சிங்கப்பூரில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டை மறந்ததாகும். ஹாங்காங்கின் ‘தி பிரைட் வித் வைட் ஹேர்’ (1993), இயக்கம் ரோனி யூ, ஒளிப்பதிவு பீட்டர் பாவ். ஓநாய்களிடம் வளர்ந்து ஒரு மந்திரக் கூட்டத்தின் கொலைவாளாக ஆக்கப்பட்ட பெண். அந்தக் கூட்டத்தின் தலைமை முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்த ஆணும் பெண்ணும். அவர்களைவிடச் சிறந்த பல்ப் வில்லனை 80களின் ஆங்கிலப் படங்கள் எதுவும் தரவில்லை என்பது என் உறுதியான கருத்து. காதலன் ஒரு கணம் நம்பிக்கை இழக்கிறான், அவள் தலை நரைக்கிறது. அவ்வளவுதான் கதை. மூரின் ஜிரெலைப் படித்தவர்கள் இதை விடக் கூடாது: ‘பிளாக் காட்ஸ் கிஸ்’ (1934) கதையிலும் பழிவாங்கிய கணத்தில்தான் ஜிரெலுக்குத் தான் இழந்தது எது என்று தெரிகிறது.

இதிலும் காதல் காட்சிகள் உண்டு, பெரியவர்கள் நாளுக்கு வையுங்கள். வட்டில் காண்டனீஸ் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாண்டரின் மொழிமாற்றத் தடமே முதலில் ஓடும் வட்டுகள் இங்கே புழக்கத்தில் உண்டு. வாயசைவும் குரலும் பொருந்தாது.

ஒளிக்கற்றை:
திரையும் வட்டும் பற்றி. நல்ல படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

வட்டு வாங்கும்போது மண்டலக் குறியைப் பாருங்கள். சிங்கப்பூர் ப்ளூரே மண்டலம் ஏ. பிரிட்டனில் இருந்து வருவது பி, இந்தியாவில் இருந்து வருவது சி. இங்கே வாங்கிய சாதாரண ஓட்டியில் அவை ஓடாமல் போகலாம். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை. டிவிடி என்றால் நமக்கு மண்டலம் 3.

பழைய பிரிட்டிஷ் டிவிடிகளில் இன்னொரு சிக்கல். நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தை 25 சட்டகத்தில் ஓட்டுவார்கள். கோனன் 129 நிமிடம். அந்த டிவிடியில் 124 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் வெட்டப்பட்டது என்று நினைப்பீர்கள், வெட்டு இல்லை, வேகம். சுருதியும் கூடிவிடும், அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அளவுக்கு. பொலிடூரிஸின் கனத்த பித்தளை வாத்தியங்கள் மெலிந்து ஒலிக்கும். அந்தப் படத்துக்கு அது பெரிய இழப்பு. அப்படம் முதலில் ஒற்றைத் தட ஒலியோடுதான் வெளியானது. வட்டில் அந்தத் தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுத்து, ஒலிபெருக்கியைத் திரைக்கு அடியில் நடுவில் வையுங்கள். அறையின் மூலையில் வைத்தால் தாழ்சுருதி முழங்கி வசனம் புரியாது.

திரை அளவு: 2 மீட்டர் அகலத் திரை என்றால் உயரம் 112 செ.மீ. கோனன் அகலப்படம், அதன் பிம்பம் 84 செ.மீ. உயரம்தான் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பாதாள பைரவி நேர்மாறு. முழு உயரம் வரும், அகலம் 154 செ.மீ.தான். பக்கத்தில் கறுப்பு இருப்பது பிடிக்காமல் யாராவது ‘நிரப்பு’ பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தினால் ரங்காராவ் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார், அல்லது தலை வெட்டுப்படும். படத்தின் மூல விகிதத்திலேயே பூட்டிவையுங்கள்.

இங்கே சூரியன் மறைய ஏழு மணி ஆகும். சமூக மன்ற அறைத் திரைச்சீலைகள் வெளிச்சத்தை முழுதாக அடைப்பதில்லை. குகை, கோபுரம், இரவு என்று பாதிப் படம் இருட்டில் நடக்கும் வகை இது, நான்கு மணிக்குக் காட்டினால் சாம்பல் நிறம்தான் தெரியும். 7.15க்குத் தொடங்குங்கள்.

அனுமதி: வட்டை விலை கொடுத்து வாங்கினாலும் பொதுவில் காட்டும் உரிமை அதில் வராது. விநியோகஸ்தரிடம் அதைத் தனியே பெற வேண்டும். தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். முன்பே தரம் பிரிக்கப்பட்டதா, என்சி16ஆ (16 வயது நிரம்பியவர்களுக்கு), எம்18ஆ (18 வயது நிரம்பியவர்களுக்கு) என்று தெரியும். பிள்ளைகளை அழைக்கும் முன் பார்க்க வேண்டியது இதுதான். சமூக மன்ற அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் இரண்டையும் முடிக்க முடியாது.

ஜாலான்_அம்பாஸ்:
உள்ளூர்ப் படம் ஒன்றாவது இருக்கட்டும். பாலஸ்டியரில் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளமும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் கேத்தே-கெரிஸ் தளமும் இயங்கிய காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் மலாய்ப் படங்களை எடுத்தார்கள். ‘ஹாங் துவா’ (1956) ஃபணி மஜும்தார் இயக்கியது, பி. ரம்லி நாயகன். 1961இல் உசேன் ஹனிஃப் அதே கதையைத் திருப்பிப் போட்டு ‘ஹாங் ஜெபாத்’ எடுத்தார். நண்பனுக்காக அரசனையே எதிர்த்தவன்தான் அங்கே நாயகன். நோர்டின் அகமது நடித்தார். வைத்திருப்பவனை யாராலும் வெல்ல முடியாது என்ற தாமிங் சாரி என்ற கெரிஸ் (மலாய்க் குத்துவாள்) அந்தக் கதைமரபின் நடுவில் இருக்கிறது. நடுநிசி சொன்ன ‘முடி நல்லவனிடம் திரும்பும்’ இலக்கணத்தை இந்த மண்ணிலேயே உடைத்த படம்.

எஞ்சியிருக்கும் கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91. ஆசியத் திரைப்படக் காப்பகம் வைத்திருக்கும் அந்தத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. காப்பகம் கேனிங் ரைஸில் ஓல்டம் திரையரங்கில் திரையிடல்கள் நடத்துகிறது. அவர்கள் நிரலைப் பாருங்கள்.

கதைப்பிரியை:
எல்லாருக்கும் நன்றி. இப்படி அமைக்கிறேன்: முதல் வாரம் கோல்டன் வாயேஜ், இரண்டாம் வாரம் பாதாள பைரவி பலிபீடம் வரை. இரண்டும் பிள்ளைகளோடு. மூன்றாம் வாரம் கோனன், நான்காம் வாரம் பிரைட் வித் வைட் ஹேர், பெரியவர்கள் மட்டும். ஆயிரத்தில் ஒருவன் வீட்டுப்பாடம். ‘டிராகன்ஸ்லேயர்’ (1981) பற்றி யாரும் சொல்லவில்லையே, அதை முதல் வாரத்துக்குப் பதிலாக வைக்கலாமா?

கோட்டைக்காவலன்:
நல்ல படம், இந்த வேலைக்குப் பதிலி ஆகாது. அதில் நாயகனே மந்திரம் கற்கும் சீடன். ஆனால் அதன் அரசியல் பல்ப்புக்கு மிக அருகில்: அரசன் தன் மகள் பெயரை மட்டும் பலிக் குலுக்கலில் இருந்து மறைத்திருக்கிறான், கடைசியில் செத்துக் கிடக்கும் டிராகனை வாளால் குத்திவிட்டுப் புகழைத் தானே எடுத்துக்கொள்கிறான். இளவரசியைக் குட்டி டிராகன்கள் தின்னும் காட்சி இருக்கிறது, 14 வயதுக்குக் காட்டும் முன் நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது வாரம் கிடைத்தால் ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ (1983) வையுங்கள். 81 நிமிடம்தான். ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் அட்டை ஓவியங்கள் எழுந்து ஓடுவது போலிருக்கும். ஆட்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதன் மேல் சட்டகம் சட்டகமாக வரைந்தார்கள். அதனால்தான் கோட்டோவியத்திலும் உடம்புக்குக் கனம் இருக்கிறது.

ஒளிக்கற்றை:
இரண்டாம் வாரத்துக்கு ஒரு குறிப்பு. பலிபீடக் காட்சி முடியும் நிமிடத்தை முன்கூட்டியே உங்கள் வட்டில் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பாட்டு வெட்டியிருப்பார்கள், இணையத்தில் யாராவது எழுதிய நிமிடக் கணக்கு உங்கள் வட்டுக்குப் பொருந்தாது.